ஜாக்கெட் கஃப்: ஜிப் வேண்டுமா, டிச் பட்டனா, ஒன்றுமே வேண்டாமா? ஆம்பூர் மாஸ்டர் பதில்கள்

தோல் ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் கலரையும் காலரையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கஃப், அதாவது மணிக்கட்டில் வரும் கைமுனை, என்று வந்தால் மட்டும் "நீங்களே பார்த்துப் போடுங்க" என்று விட்டுவிடுவார்கள். துணியைப் போலப் பிரித்துத் தைக்கிற சமாச்சாரம் இல்லை இது. தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. கத்தி வைப்பதற்கு முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும். சரி, வந்த கேள்விகளைப் பார்ப்போம்.

காட்பாடியிலிருந்து: மாஸ்டர், தினமும் ராணிப்பேட்டைக்கு பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன். மாட்டுத் தோலில் ஜாக்கெட். ஜிப் போடலாமா, டிச் பட்டனா?

பைக் என்றால் ஜிப்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். டிச் பட்டன் வைத்த கஃப் எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் வாய் திறந்துதான் இருக்கும். ஹைவேயில் காற்று அந்த வழியாகப் புகுந்து முழங்கை வரை ஊதிவிடும். 5 நம்பர் உலோகப் பல் ஜிப், 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் கேளுங்கள். ஜிப்புக்குப் பின்னால் முக்கோணமாக மெல்லிய தோல் துண்டு ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். காற்றும் வராது, பல் சதையையும் கடிக்காது. ஜிப்பில் ஏறி இறங்குகிற ரன்னர் லாக் உள்ளதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வண்டி அதிர்வில் மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும். ஜிப் வரவேண்டிய இடம் சுண்டுவிரல் பக்கம். உள்ளங்கைப் பக்கம் வைத்தால் டேங்க் பெயின்ட் கீறும்.

அப்புறம், கிளவுஸ் கஃபுக்கு உள்ளே போகுமா, மேலே வருமா? உள்ளே என்றால் கிளவுஸ் போட்ட கையோடு வந்து அளவு கொடுங்கள். கை நீளத்தையும் முழங்கையை மடக்கி வைத்துத்தான் எடுக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு எடுத்த அளவில் தைத்தால், ஹேண்டில்பாரைப் பிடித்ததும் கஃப் மேலே ஏறி மணிக்கட்டு வெளியே தெரியும்.

பேரணாம்பட்டிலிருந்து: பாய், நாப்பா என்கிற மெத்தென்ற செம்மறித் தோலில் தைத்தது. ஒரே மழைக்காலத்தில் டிச் பட்டன் தோலோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பட்டன் மட்டமா?

பட்டனை மட்டும் குறை சொல்ல முடியாது. செம்மறித் தோல் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும், ஆனால் கிழிசலைத் தாங்காது. ஜாக்கெட் நாப்பா ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். அதில் வெறுமனே ஓட்டை போட்டு பட்டன் அடித்தால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இழுப்பு முழுக்க அந்த ஓட்டையின் விளிம்பில்தான் விழும். தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே கேன்வாஸோ கனமான தோல் துண்டோ வைத்து, மூன்றையும் சேர்த்து அடித்திருக்க வேண்டும். வெள்ளாட்டுத் தோல் அதே கனத்தில் இன்னும் உறுதியானது. டிச் பட்டன்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஜாக்கெட்டை வாங்கும்போது பட்டன் தொப்பியை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுழன்றால் சரியாக அடிக்கவில்லை என்று அர்த்தம், அங்கேயே திருப்பிக் கொடுங்கள். திறக்கும்போது கஃப் ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், பட்டனுக்குப் பக்கத்திலேயே பிடித்துத் திறக்க வேண்டும். பிய்ந்த இடத்தில் பெரிய தொப்பியாகப் போட்டு, உள்ளே துண்டு வைத்து அடித்தால் இன்னும் ஓட்டலாம்.

குடியாத்தத்திலிருந்து: ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் என்று ஆசைப்பட்டு வாங்கித் தைத்தேன். இப்போது கஃப் பட்டனைச் சுற்றிக் கறுப்பு வளையம். அழுக்கா, பூஞ்சையா?

இரண்டும் இல்லை சார். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் வைத்து மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் உங்கள் கஃபில் நடக்கிறது. மேலே பித்தளை நிறத்தில் மின்னினாலும் உள்ளே இரும்புத் தகடு. முலாம் தேய்ந்ததும் நம் ஊர் வியர்வை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. குரோம் உப்பில் பதனிட்ட தோலில் இந்தக் கறை இப்படி வராது, துரு மட்டும்தான் பிடிக்கும்.

பட்டைத் தோல் என்றால் பட்டன், பக்கிள், ஜிப் எல்லாமே பித்தளையாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது சின்ன காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தொப்பி ஒட்டினால் அது இரும்பு. வந்த கறை முழுதாகப் போகாது. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் வெளுக்க வைக்கும், ஆனால் தோலின் நிறத்தையும் சேர்த்துத் தூக்கும். உள் மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதலில் பட்டனை மாற்றுங்கள், இல்லையென்றால் வளையம் பெரிதாகிக்கொண்டே போகும்.

திருப்பத்தூரிலிருந்து: பழைய விமானப்படை ஜாக்கெட் மாதிரி பின்னல் கஃப் வேண்டும். ஏலகிரி குளிருக்குத்தான்.

அது 1931இல் அமெரிக்க ராணுவ விமானிகளுக்கு வந்த ஏ-2 மாடல். கஃபும் இடுப்பும் கம்பளிப் பின்னல். ஏலகிரியில் சுகமாகத்தான் இருக்கும். மலையிறங்கி வந்ததும் மணிக்கட்டில் வியர்வை ஊறும், பின்னல் லூசாகும், நூல் பிரியும். தோல் தேய்வதற்கு வெகுநாள் முன்பே பின்னல் தேய்ந்துவிடும். ஆசைப்பட்டால் போடுங்கள், ஆனால் இன்னொரு ஜோடி பின்னலை இப்போதே வாங்கி வையுங்கள். பின்னாடி அதே நிறம் கிடைக்காது.

ஆற்காட்டிலிருந்து: அண்ணா, எனக்கு ஜிப், பட்டன் எதுவுமே பிடிக்கவில்லை. வெறும் கஃபாகத் தைக்கலாமா?

தாராளமாக, தங்கச்சி. வண்டி ஓட்டாதவர்களுக்கு அதுதான் அழகு என்பேன். மணிக்கட்டை மட்டும் அளந்து கொடுத்துவிடாதே. கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையின் அகலமான இடத்தைச் சுற்றி டேப் வைத்து அள. அதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால்தான் கை நுழையும். வாட்ச் கட்டுகிற கை என்றால் வாட்சோடு அள.

வாணியம்பாடியிலிருந்து: கஃபில் பக்கிள் வைத்த வார் போடலாமா?

பார்க்க கெத்து. ஒற்றைக் கையால் மாட்டிப் பாருங்கள், தெரியும். லேப்டாப், மேஜை, டேங்க் எல்லாவற்றையும் கீறும்.

மறுபடியும் காட்பாடியிலிருந்து: ஜிப் ரிப்பேர் ஆனால் மாற்ற முடியுமா மாஸ்டர்?

முடியும். பழைய தையலைப் பிரித்து, அதே ஓட்டைகளில் ஊசி இறங்கும்படி மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்க வேண்டும். அரை நாள் பொறுமை உள்ள ஆளிடம் கொடுங்கள். புது ஓட்டை விழுந்தால் அந்த வரிசையே தபால்தலை மாதிரி கிழியும். பழைய ஜிப்பைத் தூக்கிப் போடாமல் கூடவே கொண்டுபோங்கள், புதியதை அதன் நீளத்துக்குத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.