உபுண்டுவில் கெர்னல் மாறிய பின் விர்ச்சுவல்பாக்ஸ் டிரைவர் கட்டப்படாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது?

கேள்வியின் சாரம் இது: உபுண்டு 22.04 இயங்கும் மடிக்கணினியில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 5.15 இலிருந்து 6.8 இற்கு மாறியிருக்கிறது. அதன் பின், ஒரு கணினிக்குள் இன்னொன்றை மென்பொருளாகவே ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் எந்த மெய்நிகர்க் கணினியைத் தொடக்கினாலும் 'கெர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை' என்ற செய்தியும் -1908 என்ற எண்ணும் வருகின்றன. டிரைவரை மறுபடி கட்ட முயன்றால் பாதியில் பிழை காட்டி நிற்கிறது; அந்தப் பிழை வரியும் கேள்வியில் ஒட்டப்பட்டிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸை அகற்றி மீண்டும் நிறுவியும் பலனில்லை. கெர்னலை மாறாமல் பூட்டி வைக்கலாமா என்பதும் கேள்வி. முழுக் கணினியையும் அழித்து நிறுவும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். அழிக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலை உவர்மலையில் ஒரு பயிற்சி நிலையத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். உயர்தர மாணவர்களும் கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளும் வலையமைப்புப் பயிற்சிக்கு மெய்நிகர்க் கணினிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கோளாறு எனக்கு நன்கு பழக்கமானது. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் நிறுவுவது ஏன் உதவவில்லை என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் மற்ற மென்பொருள்களைப் போல் தனியே ஓடுவதில்லை. செயலியின் மெய்நிகராக்க வசதியைக் கையாள விபாக்ஸ்டிஆர்வி என்ற மொடியூலையும் (டிரைவர் எனப்படும் கெர்னல் நிரல் துண்டு), வலையமைப்புக்காக விபாக்ஸ்நெட்எஃப்எல்டி, விபாக்ஸ்நெட்ஏடிபி என்ற வேறு இரண்டையும் கெர்னலுக்குள்ளேயே ஏற்ற வேண்டியிருக்கிறது. லினக்ஸ் கெர்னலை எழுதுவோர், பயனர் மென்பொருள்கள் முறியாமல் பார்த்துக்கொள்வதாக உறுதி தருகிறார்களே தவிர, கெர்னலின் உட்புற இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்று ஒருபோதும் உறுதி தந்ததில்லை. அதனால் ஒரு கெர்னலுக்குக் கட்டிய மொடியூலை அடுத்த கெர்னல் ஏற்காது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மூல நிரலிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும். டெல் நிறுவனத்தில் உருவான டிகேஎம்எஸ் என்ற கருவி இந்த வேலையைத் திரைக்குப் பின்னால் தானாகவே செய்கிறது. நீங்கள் விர்ச்சுவல்பாக்ஸை மீண்டும் நிறுவியபோது நடந்தது, அதே நிரலை அதே கருவிகளால் அதே கெர்னலுக்குக் கட்ட முயன்று அதே இடத்தில் தோற்றது மட்டுமே. உங்கள் இணைய டேட்டாதான் வீணாகியிருக்கும்.

பழுதைத் தேடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. டிகேஎம்எஸ் தோற்றால் உபுண்டுவில் அந்தத் தோல்வி விர்ச்சுவல்பாக்ஸோடு நிற்காமல் கெர்னல் பொதியின் (பேக்கேஜ்) நிறுவலையே பாதியில் நிறுத்திவிடக்கூடும். கெர்னல் நிறுவப்பட்டதும் ஓடும் சிறு நிரல்கள் பெயரின் அகரவரிசைப்படி ஓடுகின்றன. அதில் டிகேஎம்எஸ் முன்னும், தொடக்க நினைவகப் படிமத்தை உருவாக்கும் இனிட்ராம்எஃப்எஸ் பின்னும் வருகின்றன. முன்னது பிழையோடு முடிந்தால் பின்னதற்கு முறை வருவதே இல்லை. அந்த நிலையில் கணினியை மறுதொடக்கம் செய்தால், புதிய கெர்னல் வன்தட்டை அடையாளம் காண முடியாமல் 'கெர்னல் பேனிக்' என்று கறுப்புத் திரையில் உறைந்துவிடும். இதைக் கண்டு வன்தட்டே போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இற்றைப்படுத்தலின் முடிவில் பொதிப் பிழை எதுவும் தெரிந்தால் அதைச் சரிசெய்யும் வரை மறுதொடக்கம் செய்யாதீர்கள். ஏற்கனவே செய்துவிட்டவர்கள், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் சென்று பழைய கெர்னலைத் தெரிவு செய்தால் போதும். அங்கே விர்ச்சுவல்பாக்ஸும் வழமைபோல் இயங்கும் என்பதால், நாளைக்குச் செய்முறைப் பரீட்சை இருக்கிறவர்கள் இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைப் பரீட்சை முடிந்த பின் பார்க்கலாம்.

அடுத்தது பதிவுக் கோப்பு. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் 'வார்' அடைவில் 'லிப்' உள்ளே 'டிகேஎம்எஸ்' என்ற அடைவில் விர்ச்சுவல்பாக்ஸின் பெயரில் உள்ள பகுதியில் 'மேக்.லாக்' என்ற கோப்பு இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் தரும் பொதியை நிறுவியிருந்தால் 'வார்' அடைவின் 'லாக்' உள்ளே 'விபாக்ஸ்-செட்டப்.லாக்' இருக்கும். பெரும்பாலானோர் இந்தக் கோப்பின் கடைசி வரியை வெட்டியெடுத்து உதவி கேட்கிறார்கள். கடைசி வரி எப்போதும் 'மேக்: எரர் 2' என்ற வகையில்தான் இருக்கும், அது கட்டுமானம் நின்றுவிட்டது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. கோப்பின் மேலிருந்து கீழாகப் போய் 'எரர்' என்ற சொல் முதன்முதலாக வரும் இடத்தைப் பாருங்கள். நோயின் பெயர் அங்கேதான் எழுதியிருக்கும்.

மொடியூலைக் கட்டத் தேவையான கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லை என்று அங்கே சொல்லியிருந்தால் வேலை சுலபம். 'யூநேம் -ஆர்' காட்டும் அதே பதிப்பெண்ணுக்குரிய லினக்ஸ்-ஹெடர்ஸ் பொதியை நிறுவுங்கள். ஒற்றைப் பதிப்பை மட்டும் நிறுவாமல், 'ஜெனரிக்' என்று முடியும் தொகுப்புப் பொதியையும் சேர்த்து நிறுவினால் அடுத்த கெர்னலோடு அதன் ஹெடர்களும் தாமாகவே வரும், 22.04 இல் புதிய கெர்னல் வரிசையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரின் இறுதியில் 'எச்டபிள்யூஇ-22.04' என்பதும் சேரும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நம் பக்கம் மின்சாரம் சொல்லாமல் போய்விடுவதால், இறக்கம் முடிந்து நிறுவல் நடக்கும்போது கணினி அணைந்து, ஹெடர்கள் அரைகுறையாக நிற்பதையும் அடிக்கடி காண்கிறேன். அப்படியானால் 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்ற கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடரும். மடிக்கணினியின் மின்கலம் செத்துப்போயிருந்தால் மழைக்காலத்தில் கெர்னலைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நீங்கள் கேள்வியில் ஒட்டியிருக்கும் வரி இதைச் சேர்ந்ததல்ல. 'எஃப்-டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=ஜீரோ' என்ற தெரிவைத் தன்னால் அடையாளம் காண முடியவில்லை என்று தொகுப்பி (மூல நிரலை இயங்கும் நிரலாக்கும் கருவி) சொல்கிறது. இது விர்ச்சுவல்பாக்ஸின் குற்றமும் அல்ல, கெர்னலின் குற்றமும் அல்ல. இரண்டு தொகுப்பிகளுக்கு இடையிலான பொருத்தமின்மை. உபுண்டு 22.04 இல் இயல்பாக இருப்பது ஜிசிசி என்ற தொகுப்பியின் 11 ஆம் பதிப்பு. ஆனால் அதே 22.04 இற்காக வெளிவந்த 6.5, 6.8 கெர்னல்கள் ஜிசிசி 12 ஐக் கொண்டு கட்டப்பட்டவை. மேற்சொன்ன தெரிவு, அறிவிக்கப்பட்டு மதிப்பிடப்படாத உள்ளக மாறிகளைத் தானாகவே பூச்சியமாக்கும் ஒரு பாதுகாப்பு வசதி. அது ஜிசிசியில் 12 ஆம் பதிப்பில்தான் அறிமுகமானது. கெர்னல் தன்னைக் கட்டிய அதே தெரிவுகளோடு மொடியூலையும் கட்டும்படி கேட்கிறது; 11 ஆம் பதிப்புக்கு அந்தத் தெரிவு தெரியாது; அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் கெர்னல் எந்தத் தொகுப்பியால் கட்டப்பட்டது என்பதை 'பிராக்' அடைவில் உள்ள 'வெர்ஷன்' கோப்பை 'கேட்' கட்டளையால் திறந்து பார்த்தே உறுதிசெய்துகொள்ளலாம்.

தீர்வு 'சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஜிசிசி-12' என்ற ஒரு வரி. அதன் பின் களஞ்சியப் பொதி வைத்திருப்பவர்கள் 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' என்றும், ஆரக்கிள் பொதி வைத்திருப்பவர்கள் 'சூடோ விபாக்ஸ்கன்ஃபிக்' என்றும் ஓட்ட வேண்டும். அப்போதும் பழைய தொகுப்பியையே அது அழைத்தால், 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' கட்டளையால் ஜிசிசி என்ற பெயரை 12 ஆம் பதிப்பின் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டலாம். கட்டுமானம் முடிந்ததும், சி மொழிப் பாடத்துக்கு 11 ஆம் பதிப்பு தேவைப்படுகிறவர்கள் அதே கட்டளையால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அடுத்த கெர்னல் வரும்போது அதே பிழை திரும்பவும் எழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இந்தப் பக்கத்துக்கு வரும் வேறு சிலருக்கு முதல் பிழை தொகுப்பியைப் பற்றியதாக இராமல், ஒரு செயற்கூற்றுக்கு அளவுக்கு அதிகமான அளபுருக்கள் (உள்ளீடுகள்) தரப்பட்டுள்ளன என்றோ, வாசிக்க மட்டும் உரிய உறுப்பில் எழுத முயல்வதாகவோ இருக்கும். இது உண்மையான பதிப்பு முரண்பாடு. கெர்னல் 6.3 இல் நினைவகப் பகுதியின் கொடிகளை நேரடியாக மாற்றும் வழி அடைக்கப்பட்டு, அதற்கெனத் தனிச் செயற்கூறுகள் வந்தன, 6.4 இல் 'கிளாஸ்-கிரியேட்' தன் முதல் அளபுருவை இழந்தது; 6.5 இல் பயனர் நினைவகப் பக்கங்களைப் பிடித்துத் தரும் செயற்கூறும் ஓர் அளபுருவைக் கைவிட்டது, 6.15 இல் 'எக்ஸ்ட்ரா-சிஃப்ளாக்ஸ்' என்ற பழைய கட்டுமான மாறியே நீக்கப்பட்டதால், நிரல் சரியாக இருந்தும் ஹெடர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் வெளி மொடியூல்கள் சில தடுமாறின. இந்த மாற்றங்களை அறியாத பழைய விர்ச்சுவல்பாக்ஸ் எத்தனை முறை கட்டினாலும் கட்டப்படாது. இணையத்தில் யாரோ தரும் திருத்தக் கோப்பை எடுத்து மூல நிரலில் ஒட்டுவதைக் காட்டிலும், விர்ச்சுவல்பாக்ஸின் மாற்றப் பட்டியலைத் திறந்து உங்கள் கெர்னல் எண்ணுக்கு 'தொடக்க ஆதரவு' எந்தப் பதிப்பில் வந்தது என்று பார்த்து அந்தப் பதிப்பை நிறுவுவதே என் தெரிவு. 6.1 வரிசைக்கான ஆதரவு நின்றுவிட்டது, 7.0 ஆனது 2022 ஒக்டோபரிலும், 7.1 ஆனது 2024 செப்டெம்பரிலும் வெளிவந்தன. உபுண்டுவின் பொதியிலிருந்து ஆரக்கிளின் பொதிக்கு மாறுகிறவர்கள் முன்னதையும் அதன் டிகேஎம்எஸ் பகுதியையும் முழுமையாக அகற்றிய பின்னரே பின்னதை நிறுவ வேண்டும். இரண்டும் ஒரே பெயரில் மொடியூல்களைப் போடுவதால் எது ஏறுகிறது என்று தெரியாத குழப்பம் நேரும். மெய்நிகர்க் கணினிகளின் வட்டுக் கோப்புகள் உங்கள் வீட்டு அடைவில் இருப்பவை. பொதியை அகற்றுவதால் அவை அழியமாட்டா.

விர்ச்சுவல்பாக்ஸைப் போன்ற விஎம்வேர் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் கதை ஒன்றே. அங்கே மொடியூல்களின் பெயர் விஎம்மான், விஎம்நெட் என்பன, கட்டும் கருவி விஎம்வேர்-மோட்கன்ஃபிக்.

கட்டுமானம் வெற்றி என்று பதிவுக் கோப்பு சொல்லியும் அதே -1908 வந்தால் பிழை வேறு. 'சூடோ மோட்புரோப் விபாக்ஸ்டிஆர்வி' என்று கொடுத்துப் பாருங்கள். சாவி நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தால் செக்யூர் பூட் தடுக்கிறது: கையொப்பமில்லாத மொடியூலைக் கெர்னல் ஏற்க மறுக்கிறது. பலரும் பயோஸ் உள்ளே சென்று செக்யூர் பூட்டை அணைத்துவிடச் சொல்வார்கள். வின்டோஸையும் அதே கணினியில் பிட்லாக்கர் வட்டுக் குறியாக்கத்தோடு வைத்திருக்கும் மாணவர்களுக்கு அது வேறு தலைவலியைத் தரும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' என்று கொடுத்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தின்போது நீலத் திரை ஒன்று சில விநாடிகள் மட்டுமே காத்திருக்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்' என்பதைத் தெரிந்து, அதே கடவுச்சொல்லை இட வேண்டும். அந்த நொடிகளைத் தவறவிட்டால் சாவி பதியாது, கட்டளையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

கெர்னல் 6.12 இற்கும் அதற்கு மேலும் சென்றவர்களுக்கு இன்னொன்று. டிரைவர் கட்டப்படும், ஏறும், ஆனால் மெய்நிகர்க் கணினி தொடங்கும்போது செயலியின் மெய்நிகராக்கம் ஏற்கனவே பயன்பாட்டில் இருப்பதாகச் செய்தி வரக்கூடும். கெர்னலின் சொந்த மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம், 6.12 முதல், தேவைப்படும்போது அல்லாமல் ஏறியவுடனேயே அந்த வசதியைத் தன்வசப்படுத்திக்கொள்வதே காரணம். இன்டெல் கணினியில் 'சூடோ மோட்புரோப் -ஆர் கேவிஎம்-இன்டெல்' என்றும் ஏஎம்டியில் அதற்குரிய பெயரிலும் அகற்றினால் உடனே இயங்கும். நிலையாக வேண்டுமானால் கிரப் அமைப்பில் 'கேவிஎம்.எனேபிள்-விர்ட்-அட்-லோட்=0' என்ற அளபுருவைச் சேர்க்கலாம்.

கெர்னல் பொதிகளை 'ஏப்ட்-மார்க் ஹோல்ட்' மூலம் பூட்டி வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பரீட்சை முடியும் வரை சில வாரங்களுக்குச் செய்யலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுவிடுவதால் மாதக் கணக்கில் வேண்டாம். ஒவ்வொரு கெர்னலோடும் இப்படி மல்லுக்கட்ட மனமில்லை என்றால் கேவிஎம்மிற்கு மாறலாம். அது 2007 இல் வந்த 2.6.20 முதல் கெர்னலின் பகுதியாகவே இருப்பதால், வெளியிலிருந்து எதையும் கட்ட வேண்டியதில்லை. எங்கள் நிலையத்தில் மாணவர்கள் தம் வீட்டு வின்டோஸ் கணினியிலும் அதே கோப்பைத் திறக்க வேண்டியிருப்பதால் விர்ச்சுவல்பாக்ஸையே வைத்திருக்கிறோம். உங்களுக்கு அந்தத் தேவை இல்லையென்றால் கேவிஎம்மைக் கையாளும் விர்ட்-மனேஜரை நிறுவி, பழைய வட்டுக் கோப்பைக் 'கியூஎமு-இமேஜ் கன்வெர்ட்' கட்டளையால் கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஸ்னாப்ஷாட்கள் எடுத்து வைத்திருந்தால் அந்தக் கட்டளை அவற்றை ஏற்காது. முதலில் பழைய கெர்னலில் கணினியைத் தொடக்கி, விர்ச்சுவல்பாக்ஸ் உள்ளேயே முழுப் பிரதி ஒன்றை எடுத்து, அந்தப் பிரதியை மாற்றுங்கள்.