நீலக்கோட்டில் நிற்கிற பிள்ளைக்காக வீட்டை ஈடு வைக்க வேண்டாம்

பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலுக்கும் வழி சொல்வது என் தொழில். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் இருந்து ஒரு தாய் இரவு பதினொன்றரைக்கு எனக்கு எழுதியிருந்தார். மகனுக்கு இந்த மார்ச்சில் 15 வயதாகியிருக்கிறது, பத்தாம் வகுப்பு தொடங்கியிருக்கிறான். ஆறு வயதிலிருந்து ஐஸ் ஹொக்கி, இப்போது டிரிபிள் ஏ என்கிற மேல்தரச் சிறுவர் அணியில் டிஃபென்ஸ், அதாவது எதிரணியைத் தடுக்கிற ஆட்டக்காரன். வீட்டில் மூன்று மாதமாகச் சண்டை. ஸ்காபரோவில் இருக்கும் தாயின் அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, "இந்தத் தடியடி விளையாட்டை விட்டிட்டு லைஃப் சயன்ஸுக்கு ஆயத்தப்படுத்துங்கோ, எங்கட குடும்பத்தில ஒரு டொக்டராவது வரவேணும்" என்கிறார். தகப்பன் நேர்மாறு. அரீனாவில் ஒரு ரஷ்யக் கோச் "இவனுக்கு எங்கட டிஃபென்ஸ்காரரின்ர கண்" என்று சொன்ன நாளிலிருந்து மனுஷன் கால் நிலத்தில் படவில்லை. விடுதியோடு சேர்ந்த ஒரு தனியார் ஹொக்கி அகாடமி வருடத்துக்கு 58 ஆயிரம் டொலர் கேட்கிறது. வீட்டின் பேரில் இன்னொரு கடன் எடுத்துக் கட்டலாம் என்கிறார். "அண்ணா சொல்றதும் சரி போல கிடக்கு, இவர் சொல்றதும் சரி போல கிடக்கு. நான் என்ன செய்ய?"

சகோதரி, 15 வயதில் எந்தக் கதவும் பூட்டப்படுவதில்லை. ஆறுதலாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மற்றபடி, அண்ணா சொல்வதும் சரியில்லை, இவர் சொல்வதும் சரியில்லை.

அண்ணாவை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்ராறியோவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் மருத்துவம் என்பது நடைமுறையில் இல்லை. ஒரு பட்டம், பெரும்பாலும் எம்கேட் என்கிற மருத்துவ நுழைவுப் பரீட்சை, விண்ணப்பம், மறுபடி விண்ணப்பம். இவ்வளவையும் தாண்டுகிற பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் பசி இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய ஒன்பதாம் வகுப்பு அறிக்கையில் விஞ்ஞானம் 74, கணக்கு 91. மாமாவுக்காக லைஃப் சயன்ஸ் எடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். 23 வயதில், வீட்டுக்குச் சொல்லாமல், என் முன்னால் வந்து இருக்கிறார்கள். வாட்டர்லூ, கணினி, கணக்கியல் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை எந்தக் கலியாண வீட்டிலும் இலவசமாகக் கேட்கலாம்.

இனி உங்கள் கணவர். அவர் நான்கு ரஷ்ய டிஃபென்ஸ்காரரின் பெயர்களை எழுதி அனுப்பியிருந்தார்: ஃபெடிசோவ், சூபோவ், கோன்சார், மார்கோவ். நல்லது. ஒருவருடைய தொழில் வாழ்க்கையை முழுக்கப் பார்ப்போம், கோப்பையோடு எடுத்த படத்தை மட்டும் பார்க்காமல்.

செர்கே கோன்சார் 1974ல் செல்யாபின்ஸ்க்கில் பிறந்தவர். யூரல் மலைப் பக்கத்து இரும்பு நகரம். அங்கே உலோக ஆலைக்கு ஓர் அணி, டிராக்டர் தொழிற்சாலைக்கு ஓர் அணி. இரண்டாவதின் பெயரே 'திராக்தர்'. (காங்கேசன்துறையில் ஒரு அணிக்கு 'சீமெந்து' என்று பெயர் வைத்த மாதிரி.) சோவியத் காலத்து விளையாட்டுப் பள்ளியில் ஐஸுக்கும் கோச்சுக்கும் பெற்றோர் கட்டணம் கட்டுவதில்லை, ஆலையும் அரசும் பார்த்துக்கொண்டன. அதற்கு வேறு விதமான விலை இருந்தது. ஃபெடிசோவ் ஆடிய சி.எஸ்.கே.ஏ. ராணுவத்தின் அணி. ஆட்டக்காரர் பதவியால் ராணுவ அதிகாரிகள், வருடத்தின் பெரும்பகுதி குடும்பத்தைப் பிரிந்து பயிற்சி முகாமில் அடைந்து கிடந்தார்கள். 1989ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி அணிக்குப் போக அவர் தன் பயிற்சியாளர் டிகோனோவோடு வெளிப்படையாகவே மோத வேண்டியிருந்தது. உங்கள் அரீனாக் கோச் புகழ்கிற 'கண்' வளர்ந்த இடம் அது. அதை வருடம் 58 ஆயிரத்துக்கு இங்கே வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் விற்பது வேறு சாமான்.

கோன்சார் செல்யாபின்ஸ்க்கில் இருந்து டைனமோ மாஸ்கோவுக்குப் போனார். வட அமெரிக்காவின் முதல்தர ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில், அணிகள் புது ஆட்டக்காரரை வரிசைப்படி எடுக்கிற வருடாந்தத் தெரிவு ஒன்று உண்டு. அதில் 1992ல் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் அவரை 14ஆவது ஆளாக எடுத்தது. 14ஆவது என்றால் பெரிய இடம். அப்படியிருந்தும் அமெரிக்கா வந்தபின் போர்ட்லண்டில், ஒரு படி கீழே இருக்கிற லீக்கில் ஆடித்தான் என்.எச்.எல். பனியைத் தொட்டார். பிறகு 20 பருவம், 1,301 ஆட்டம், 220 கோல், 811 புள்ளி, நான்கு ஒலிம்பிக். 2009ல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்கு ஆடும்போது, கோப்பைக்கான இரண்டாம் சுற்றில் எதிரணி வாஷிங்டனின் ஒவெச்கின் வந்து மோதி முழங்கால் போனது. சில நாளில் அதே காலோடு திரும்பி வந்து என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

இதைப் படித்ததும் உங்கள் கணவர் "பாத்தியா!" என்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். என்.எச்.எல்.லில் 32 அணி, ஒரு இரவில் ஒரு அணி இறக்குவது வழக்கமாக ஆறு டிஃபென்ஸ். மொத்தம் 192 இடம், உலகம் முழுவதற்கும். ஒவ்வொரு வருடமும் தெரிவில் சுமார் 224 பெயர் வாசிக்கிறார்கள், அதில் முன்னால் நின்று தாக்குகிற ஆட்டக்காரரும் கோல் காப்பவர்களும் அடக்கம். சூபோவ் 85ஆவது ஆள், மார்கோவ் 162ஆவது. 'கடைசியில் எடுத்தவர்களும் பெரியாளாக வந்தார்கள்' என்று அகாடமிக்காரர் இந்த இலக்கங்களைச் சொல்லுவார்கள். அதே இலக்கங்களில் வந்து காணாமல் போனவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. விளாடிமிர் கொன்ஸ்டான்டினோவ் 221ஆவது ஆள். டெட்ராய்ட்டில் உலகின் முதல்தர டிஃபென்ஸ்காரர் ஆனார். 1997 ஜூன் 7ல் கோப்பை, ஜூன் 13ல் கார் விபத்து. 30 வயது. அதன்பிறகு ஒரு ஆட்டமும் இல்லை. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. வீட்டுப் பத்திரத்தை ஒரு பிள்ளையின் முழங்காலின் மேல் வைக்கப்போகிறவர் இதையும் தெரிந்து வைக்க வேண்டும்.

நீங்கள் கவனிக்காத பக்கத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை மகனைத் தனியாக உள்ளே அனுப்பச் சொன்னேன், நீங்கள் இரண்டு பேரும் காரில் இருந்தீர்கள். என்னவாக வர விருப்பம் என்று நான் கேட்கவில்லை, அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் எல்லாரும் பொய்தான் சொல்வார்கள். "உனக்குப் பிடித்த ஒரு ஆட்டம் காட்டு" என்றேன். ஃபோனில் பழைய பெங்குவின்ஸ் பவர் பிளே ஒன்றைப் போட்டான், எதிரணியில் ஒருவன் தண்டனையில் வெளியே இருக்கிற நேரத்து ஆட்டம். எதிரணியின் பகுதி தொடங்குகிற நீலக்கோட்டில் கோன்சார். பக், அந்தக் கறுப்பு வட்டு, வலைக்குள் போகுமுன் பெருவிரலால் நிறுத்திவிட்டான். "கோலைப் பாக்காதீங்கோ அங்கிள், அது இங்கயே முடிஞ்சுது. தோளைப் பாருங்கோ." மறுபடி ஓட்டினான். கோன்சார் கோட்டோரமாகப் பக்கவாட்டில் இரண்டு தள்ளு நகர்கிறார். தோள் இறங்குகிறது, அடிக்கப்போவது போல. எதிரே நின்றவன் தடுக்க ஒரு முழங்காலில் சரிகிறான். அப்போதுதான் மணிக்கட்டால், பலமே இல்லாமல், தாழ்வாக ஒரு அடி, வலைக்கு முன்னால் காத்திருந்த சக ஆட்டக்காரனின் கட்டையைத் தேடி. "அவர் பலமா அடிக்கேல்ல. முன்னுக்கு நிக்கிறவனை முதல் விழுத்திப்போட்டுத்தான் அடிக்கிறார்."

பிறகு லாப்டொப்பைத் திறந்தான். தன் அணியின் ஆட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறான். பக் தங்கள் மூலையில் கிடக்கும்போது யார் போய் எடுத்தார், எந்தப் பக்கம் திரும்பினார், சக ஆட்டக்காரனிடம் கொடுத்து வெளியே வந்ததா, சும்மா கண்ணாடியில் அடித்து விட்டதா என்று நாலு நிறத்தில் அட்டவணை. கோச் கேட்டாரா என்றேன். "இல்லை, சும்மா." வீட்டில் காட்டினாயா என்றேன். "மாமா வந்து நிப்பார்."

நான் இந்தத் தொழிலில் தேடுவது அந்தச் 'சும்மா'வைத்தான். காசும் கொடுக்காமல், அடியும் போடாமல் ஒரு பிள்ளை தானாகச் செய்கிற வேலை. இவன் செய்துகொண்டிருப்பதற்கு ஒரு பெயர் உண்டு, சம்பளமும் உண்டு. வீடியோ கோச்.

அந்த வேலை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களில் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஆட்ட இரவில் அவர் உடைமாற்றும் அறைக்குப் பக்கத்துச் சிறிய அறையில், பல கமராக்களின் படத்துக்கு முன்னால் இருப்பார். ஒவ்வொரு வெளியேற்றமும், ஒவ்வொரு நுழைவும், ஒவ்வொரு அடியும் நடக்கும்போதே ஒரு விசை தட்டிக் குறிக்கப்படும். 18 நிமிட இடைவேளையில் உதவிக் கோச் வந்து நிற்பார்: 'அவங்கட முதல் ஃபோர்செக் எங்க இருந்து வருது, காட்டு.' (ஃபோர்செக் என்றால் பக்கைப் பறிக்க எங்கள் மூலைக்கே வந்து நெருக்குவது.) ஐந்தாறு துண்டு தயாராக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடி.

2015-16 பருவத்தில் கோச்சுக்குத் தீர்ப்பை எதிர்க்கிற உரிமை வந்ததிலிருந்து இந்த அறையின் கனம் கூடிவிட்டது. எதிரணி கோல் போட்டுவிட்டது; அதற்கு முன் நுழைந்தவன் ஆஃப்சைடா, அதாவது பக்குக்கு முன்னே நீலக்கோட்டைத் தாண்டிவிட்டானா? பக்கைப் போட்டு ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள், பக் கோட்டைத் தாண்டிய கணத்தில் அவன் ஸ்கேட் எங்கே இருந்தது என்று பார்த்துப் பெஞ்சுக்குச் சொல்ல வேண்டும். 2020-21லிருந்து ஸ்கேட் பனியைத் தொடாமல் கோட்டுக்கு நேர் மேலே அந்தரத்தில் நின்றாலும் சரி என்று விதி மாறியிருக்கிறது. ஆக, பார்க்க வேண்டியது இன்னும் நுணுக்கம். தவறாக எதிர்த்தால் எதிரணியின் கோலும் நிலைத்து, தன் அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனையும் வரும். முழு அரங்கமும் கத்துகிற நேரத்தில் 'எதிர்க்காதே' என்று சொல்லக்கூடிய நிதானம் தேவை. மறுநாள் காலை அடுத்த எதிரணியின் நான்கைந்து ஆட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு டிஃபென்ஸ்காரருக்கும் அவரவர் தவறுகளைத் தனித்தனியாக வெட்டிக் கொடுப்பதும் இதே ஆள்தான். உங்கள் மகன் நாலு நிறத்தில் போட்டது இந்த வேலையின் முதல் பக்கம்.

கோன்சாரின் கதையில் உங்கள் கணவர் எழுதாமல் விட்ட பாதியும் இதையே காட்டுகிறது. 2006ல் மல்கின் என்கிற 20 வயதுப் பொடியன் ரஷ்யாவின் மாக்னிடோகோர்ஸ்க்கில் இருந்து ஆங்கிலம் தெரியாமல் பிட்ஸ்பர்க் வந்தபோது, தங்கியது கோன்சார் வீட்டில். 2015ல் 41 வயதில் ஆட்டம் முடிந்ததும் அதே பெங்குவின்ஸ் அவரை டிஃபென்ஸ் பழக்க எடுத்துக்கொண்டது. 2016, 2017 கோப்பைகளின்போது அவர் அந்தப் பயிற்சிக் குழுவில் இருந்தார். 2023ல் வான்கூவர் அணி அழைத்தது. அங்கே குவின் ஹியூஸ் 2024ல் சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான நோரிஸ் விருதை வாங்கினார். அது கோன்சாரால்தான் என்று நான் சொல்லமாட்டேன், ஹியூஸ் பிறவிக் கெட்டிக்காரர். ஆனால் கால் ஓய்ந்தபிறகும் அந்தக் கண்ணுக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருந்தது. அரீனாவில் அந்த ரஷ்யக் கோச் உங்கள் மகனிடம் கண்டதும் கண்ணைத்தான், சகோதரி. உங்கள் கணவர் அதைக் கால் என்று விளங்கிக்கொண்டார்.

இனிச் செய்ய வேண்டியது. இப்போதைய அணியில் ஆடட்டும், நிறுத்த வேண்டாம். வசந்தத்தில் ஓ.எச்.எல். என்கிற ஒன்ராறியோ இளைஞர் ஹொக்கி லீக்கின் தெரிவு வரும். எடுத்தால், அங்கே ஆடுகிற ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு என்ற ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் வரிக்கு வரி வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முன்பு இந்த லீக்கில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கிக் கதவு மூடிவிடும். 2025 ஆகஸ்டிலிருந்து அது திறந்திருக்கிறது, ஆகவே அந்தப் பயத்தைக் காட்டி யாரும் அவசரப்படுத்த முடியாது. எடுக்காவிட்டால் அழ ஒன்றுமில்லை.

இந்தக் குளிர்காலமே, தன் கழகத்தில் சின்னப் பிள்ளைகளின் அணி ஒன்றுக்குப் படம் வெட்டிக் கொடுக்கட்டும். வயது வந்ததும் ஹொக்கி கனடாவின் கோச் வகுப்புகளைத் தொடங்கட்டும். பல்கலைக்கழகத்துக்கு யோர்க்கில் கினீசியாலஜி என்கிற உடல் இயக்கப் படிப்பு, புரொக்கில் விளையாட்டு முகாமைத்துவம், அல்லது எங்கேயாவது புள்ளியியல். கணக்கில் 91 எடுக்கிறவனுக்கு நான் மூன்றாவதைத்தான் முதலில் சொல்வேன். யோர்க், புரொக், ஒன்ராறியோ டெக், ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் எல்லாவற்றுக்கும் ஹொக்கி அணி உண்டு. முதல் வருடம் முதல் கிழமையே லாப்டொப்போடு போய் அந்த அணியின் கோச்சைப் பார்க்கட்டும். ஆரம்பத்தில் சம்பளம் இருக்காது, இருந்தாலும் பஸ் காசுக்குத்தான் காணும். அதனால் அடியில் ஒரு பாய் விரித்து வைக்கிறோம்: பட்டத்துக்கு மேலே கல்வியியல் படித்தால் கணக்கு ஆசிரியர். மாலையில் அரீனா இருக்கத்தான் போகிறது.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இப்போது அணிக்குக் கட்டுகிறதற்கு மேல் ஒரு டொலரும் கூட்ட வேண்டாம். அகாடமிக்கு இந்த மாதக் கடைசிக்குள் முற்பணம் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதினீர்கள். கட்டாதீர்கள். உங்களுக்கு உண்மையான கெடு டிசம்பர் 31. மகனுக்கு ஆர்.இ.எஸ்.பி. என்கிற மேற்படிப்புச் சேமிப்புக் கணக்கே திறக்கவில்லை என்று சனிக்கிழமை இவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவனுக்கு 15 ஆகிற இந்த வருடம் முடிவதற்குள் 2,000 டொலராவது போட்டால்தான் 16, 17 வயதில் போடுகிற பணத்துக்கு அரசாங்கம் 20 வீதம் சேர்த்துத் தரும். தவறினால் அது கிடையாது. இரண்டு பேரும் அடையாள அட்டையோடும் மகனின் சமூகக் காப்புறுதி இலக்கத்தோடும் இந்தக் கிழமை வங்கிக்குப் போங்கள். அண்ணா ஞாயிறு வந்தால், அந்த நாலு நிற அட்டவணையை மகனையே விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள்.