புற்றுநோய் மருந்தோடு எது சேரக்கூடாது? மருந்தாளர் பதில்கள்

மொரீஷியஸ் வாசகர்களின் கேள்விகளுக்கு மருந்தாளர் பதில் சொல்கிறார்.

ரோஸ் ஹில் வாசகி: அம்மாவுக்குக் குடல் புற்றுநோய். கேப்சிட்டபின் மாத்திரை தொடங்கியாயிற்று. இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் சாப்பிடுகிறார். பரவாயில்லையா அக்கா?

பதில்: பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். கேப்சிட்டபின் உள்ளே போனால் வார்ஃபரின் உடம்பைவிட்டுக் கழிவது மெதுவாகிவிடும். அதே பழைய அளவுதான், ஆனால் ரத்தம் உறையாது. ரத்தக் கசிவில் உயிர் போனதும் உண்டு. முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். சில மாதம் கழித்தும் வரும், கேப்சிட்டபினை நிறுத்திய பிறகும் வந்திருக்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனையை அடிக்கடி செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஈறில் ரத்தம், தார் மாதிரி கறுப்பு மலம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நீங்களாக வார்ஃபரினை நிறுத்திவிடாதீர்கள். இதய டாக்டர் ஒரு பக்கம், புற்றுநோய் டாக்டர் இன்னொரு பக்கம் என்றால், இருவருக்கும் முழுப் பட்டியலைக் காட்டுங்கள்.

அதே வாசகி: அக்கி வந்தால்?

பதில்: ஐரோப்பாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிரிவுடின் என்ற அக்கி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். கேப்சிட்டபின் உடம்பில் மாறி உருவாகும் ஃப்ளூரோயூராசிலைக் கழிக்கும் நொதியையே (என்சைம்) அது முடக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். 1993-ல் ஜப்பானில் சொரிவுடின் என்ற இதே வகை மருந்தை ஃப்ளூரோயூராசில் வகை மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டதால் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அக்கிக்கான இன்னொரு மருந்தான அசைக்ளோவிருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பாம்பிள்முஸ் வாசகர்: ரத்தப் புற்றுநோய்க்கு நிலோட்டினிப் சாப்பிடுகிறேன். வீட்டு மரத்துப் பம்பளிமாஸை மாத்திரை நேரத்துக்குத் தள்ளிச் சாப்பிடலாமா?

பதில்: பம்பளிமாஸ் பெயரையே கொண்ட ஊரில் இருந்துகொண்டு இந்தப் பதிலைக் கேட்க மனசு வராதுதான், ஆனால் வேண்டாம். பழம் குடலிலுள்ள நொதியை அடைக்கும், அந்த அடைப்பு ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். அதனால் நேரம் மாற்றிப் பயனில்லை. மருந்து ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். சாதாரண ஆரஞ்சு சாப்பிடலாம்.

திரியோலே வாசகர்: அப்பாவுக்குப் புற்றுநோய்க்காக அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் ஏற்றுகிறார்கள். முட்டி வலிக்கு ஐபுப்ரோஃபென்?

பதில்: கூடாது, டைக்ளோஃபெனாக்கும் கூடாது. சிறுநீரகம் மெத்தோட்ரெக்சேட்டை வெளியேற்றுவது குறையும்; வாய்ப்புண்ணும் ரத்த அணுக் குறைவும் வரும். பாராசிட்டமால் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தரும் முன் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள், மாத்திரை அதை மறைத்துவிடும்.

கியூர்பிப் வாசகி: மார்பகப் புற்றுநோய்க்கான தமாக்சிஃபெனோடு மனச்சோர்வுக்குப் பரோக்செட்டின்?

பதில்: தமாக்சிஃபென் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை அது தடுக்கும். இன்னொரு மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சினுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பரோக்செட்டினைச் சட்டென்று விடாமல், டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.