கிரேக்கத்தில் லத்தீன் வழி வந்த தனி மொழி பேசும் விளாக் மக்களின் மலைக் கிராமம் ஒன்றைப் பார்க்க எங்கே போகலாம்?

எல்லோரும் மெட்சோவோ என்றுதான் சொல்வார்கள். நல்ல ஊர்தான், ஆனால் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருப்பதால் கூட்டம் அதிகம். என்னைக் கேட்டால் சிராக்கோ, கலாரிதெஸ் இரண்டுக்கும் போங்கள். வடமேற்குக் கிரேக்கத்தில் இருக்கிற யான்னினா நகரத்துக்குத் தென்கிழக்கே ட்சுமெர்கா மலையில், ஒரே பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் இருக்கிற கல்வீட்டு ஊர்கள். சிராக்கோவுக்குள் கார் போகாது, வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

விளாக் என்றாலே ஆடு மேய்ப்பவர்கள் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். கோடையில் மலை, குளிர்காலத்தில் சமவெளி என்று மந்தையோடு இடம் மாறியது உண்மைதான், ஆனால் அதே ஆட்டுக் கம்பளியில் மேலங்கி செய்து இத்தாலி வரைக்கும் விற்றவர்கள் சிராக்கோக்காரர்கள், கலாரிதெஸ் வெள்ளி வேலைக்குப் பேர்போனது. ரோமில் புல்காரி நகைக்கடையைத் தொடங்கிய சோதிரியோஸ் வுல்காரிஸ் குடும்பத்தின் பூர்வீகம் கலாரிதெஸ். கிரேக்கப் பிரதமராக இருந்த இயோன்னிஸ் கொலெத்திஸ் சிராக்கோவில் பிறந்தவர்; அதற்கு முன், யான்னினாவை ஆண்ட ஒட்டோமான் ஆளுநர் அலி பாஷாவின் மகனுக்கு வைத்தியம் பார்த்தவர். இத்தனை சின்ன ஊர்களுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்!

1821-ல் கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியபோது இரண்டு ஊரும் கிளர்ந்தெழுந்தன, அப்போது ஆண்ட துருக்கிய ஒட்டோமான் பேரரசின் படை வந்து அழித்துவிட்டுப் போனது, மறுபடி கட்டினார்கள். அப்புறம் நடந்ததுதான் கூத்து. 1881-ல் கிரேக்கத்துக்கும் ஒட்டோமான் பேரரசுக்கும் எல்லை வகுத்தபோது நடுவில் ஓடும் ஆறே எல்லையாகிவிட்டது. கலாரிதெஸ் கிரேக்கத்துக்குப் போக, சிராக்கோ ஒட்டோமான் ஆட்சியிலேயே நின்றது. பேச்சு, தொழில், சொந்தபந்தம் எல்லாம் ஒன்று, நாடு மட்டும் 1912 வரை வேறு. இப்போது பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் பழைய நடைபாதையில் ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். முட்டியைப் பதம் பார்க்கும், ஆனாலும் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இவர்கள் பேசும் அரோமானியம் லத்தீன் வழி வந்தது, ருமேனிய மொழிக்கு நெருங்கிய உறவு. இளையவர்களிடம் அதிகம் கேட்க முடியாது. மொழி நெருக்கம் என்பதற்காக யாரிடமும் "நீங்கள் ருமேனியர்களா?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஒட்டோமான் காலத்திலேயே ருமேனியா விளாக் மக்களுக்கென்று பள்ளிகள் திறந்து, அதை வைத்துப் பெரிய அரசியலே நடந்திருக்கிறது. இங்கே பெரும்பாலானவர்கள் தங்களைக் கிரேக்கர் என்றே சொல்வார்கள், விளாக் என்பதையும் பெருமையாகச் சேர்த்துச் சொல்வார்கள்.

சரி, எப்போது போகலாம்? குளிர்காலத்தில் ஊர் ஏறக்குறைய காலி. ஜூன், செப்டம்பர் நல்லது. ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டிப் போவதானால் வெளியூரில் இருப்பவர்களெல்லாம் வந்துவிடுவார்கள், அறைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.