பில்லில் ‘ஸ்டைல்’ என்று இருக்கிறதா?

வாசகர் கேள்வி - பதில்: பழைய மரச் சாமான்கள்

மும்பை சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு எழுத்து மேஜை பார்த்தோம். நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்கிறார் கடைக்காரர். பில்லில் ‘விக்டோரியன் ஸ்டைல்’ என்றுதான் போடுவாராம். வாங்கலாமா?
- வாசகி, மாட்டுங்கா

‘ஸ்டைல்’ என்றால் சாயல் மட்டுமே. போன மாதம் ஜோகேஸ்வரியில் செய்ததையும் அப்படிச் சொல்லலாம். விக்டோரியா ராணி ஆண்ட 1837-1901 காலத்திலேயே செய்ததென்றால் ‘பீரியட்’. உத்தேச வருஷத்தோடு அந்தச் சொல்லை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் பாதி பதில் கிடைத்த மாதிரிதான்.

மீதிக்கு டிராயரை முழுசாக உருவிக் கவிழ்த்துப் போடுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பதுதான் டவ்டெயில். கையால் அறுத்த பற்கள் அகலத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எல்லாம் ஒரே அளவென்றால் பெரும்பாலும் மெஷின் வேலை. அடுத்து, பக்கப்பலகையின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பல வருஷம் இழுத்துத் தள்ளியதில் அது தேய்ந்திருக்கும்; உள்ளே அது ஓடும் கட்டையும் அதே இடத்தில் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது மழமழவென்று இருந்தால், இரண்டில் ஒன்று பிறகு வந்தது.

பூச்சி அரித்த தடம் வெறும் ஓட்டையாக இல்லாமல் மேற்பரப்பில் வாய்க்கால் போலத் திறந்து கிடந்தால், பழைய மரத்தை மறுபடி அறுத்துச் செய்த புது மேஜை. பிளஸ் தலை ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒன்றிரண்டு இருந்தால் ரிப்பேர் பார்த்ததாக இருக்கும். எல்லாமே அதுதான் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

‘மேரேஜ் பீஸ்’ என்கிறார்களே?
- வாசகர், செம்பூர்

ஒன்றின் அடிப்பாகமும் வேறொன்றின் மேல்பாகமும் ஜோடி சேர்ந்தது. பின்பக்கம் போய்ப் பாருங்கள்: மேலும் கீழும் பலகைகளின் அகலம், மர ரேகை, நிறம் ஒத்துப்போகாது. உபயோகத்துக்கு வாங்கத் தடையில்லை, விலையை மட்டும் ஒரிஜினலுக்குத் தராதீர்கள்.

தாத்தா காலத்து ஈட்டி மர மேஜையில் டம்ளர் வைத்து வெள்ளை வளையம். தச்சர், இழைத்துவிட்டு மெலமைன் அடிக்கலாம் என்கிறார்.
- வாசகர், சயான்

வேண்டவே வேண்டாம். காலமும் கைபட்டதும் சேர்ந்து மரத்துக்குத் தரும் ஆழ்ந்த நிறமும் மினுக்கமும்தான் ‘பேட்டினா’. இழைப்புளி போட்டால் அது சுருளோடு போய்விடும், திரும்ப வராது.

மேஜையின் அடியில் மறைவான இடத்தில், ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் தேயுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். வெள்ளை வளையம் பெரும்பாலும் அந்தப் பாலிஷுக்குள் சிக்கிய ஈரம். மழைக்காலம் முடிந்து மேஜை நன்றாக உலர்ந்தபின், பருத்தித் துணியில் ஸ்பிரிட்டைக் காட்டிப் பிழிந்து, துணி ஈரமே இல்லாதது போல் இருக்கும்போது வளையத்தின் மேல் ஒரே வீச்சாக ஓட்டி எடுங்கள். கையை நிறுத்தினால் பாலிஷ் இளகித் துணியோடு வந்துவிடும். சில நிமிஷம் விட்டு இன்னொரு முறை. மறைந்ததும் மெல்லிசாகத் தேன்மெழுகு பாலிஷ் பூசித் துடைத்தால் போதும்.

நூறு வயதான நாற்காலியை வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா?
- வாசகி, முலுண்ட்

கலைவேலைப்பாடுள்ள நூறு வருஷப் பொருள் 1972 சட்டப்படி தொல்பொருளாகிவிடும். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயதில் சந்தேகமிருந்தால் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகே பேக் செய்யுங்கள்.