உறைபனி அலாரத்துக்கு எந்த போர்டு?

கேள்வி: ஊட்டி தலைகுந்தா பக்கம் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறோம். உறைபனி விழும் முன்னே எழுப்பிவிடும் அலாரம் செய்யப் போவதாகப் பத்தாவது படிக்கும் மகள் சொல்கிறாள். கோவையில் விசாரித்தால் ராஸ்பெர்ரி பை 5 கிட்டைக் காட்டுகிறார்கள். பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. வாங்கலாமா?

பதில்: இந்த வேலைக்கு வேண்டாம். பை 5 ஒரு முழுக் கம்ப்யூட்டர். மானிட்டர், கீபோர்டு, மெமரி கார்டு, 5 ஆம்பியர் சார்ஜர் என்று செலவு நீளும். அது ஓடும்போது கரண்ட் போனால் மெமரி கார்டில் இருப்பது கெட்டுப்போகவும் கூடும். 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன கண்ட்ரோல் போர்டு சில நூறு ரூபாய்தான். கரண்ட் வந்ததும் சேமித்து வைத்த புரோகிராமைத் தானே ஓட்டத் தொடங்கிவிடும். லேப்டாப்பில் செருகி, மைக்ரோபைத்தான் என்ற புரோகிராம் மொழியில் எழுதலாம். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை, மகள் அதையும் பழக வேண்டும் என்றால் மட்டும் பை வாங்குவதில் அர்த்தம் உண்டு.

போர்டைவிட சென்சாரில்தான் கவனம் வேண்டும். கிட்டுகளில் பெரும்பாலும் வரும் நீல நிற டிஎச்டி11 என்ற வெப்பநிலை சென்சார், 0 டிகிரிக்குக் கீழே அளக்காது. உறைபனிக்கு அது உதவவே உதவாது. டிஎஸ்18பி20 என்று கேளுங்கள். ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து, தண்ணீர் புகாத ஒயரோடு வரும். மைனஸ் 55 வரை அளக்கும். கூடவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும், அதையும் மறக்காமல் வாங்கிவிடுங்கள். சென்சாருக்கு போர்டின் 3.3 வோல்ட் பின்னிலிருந்தே (இணைப்புக் கம்பி) கரண்ட் கொடுக்கட்டும். பிக்கோவின் சிக்னல் பின்கள் 5 வோல்ட் தாங்காது.

சென்சார் குழாயைக் கூரைக்கு அடியில் தொங்கவிடாமல், பாத்தியில் இலை மட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். மேகமில்லாத இரவில் தரையோரம், ஆள் உயரத்தைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அலாரத்தை 2, 3 டிகிரியிலேயே அடிக்கும்படி வைத்தால் ஸ்பிரிங்க்ளர் போட நேரம் கிடைக்கும்.

அப்புறம், பின்கள் சால்டர் செய்த பிக்கோ எச் மாடலையே கேளுங்கள். யூஎஸ்பி ஒயர் டேட்டா ஒயரா என்று பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயரில் லேப்டாப்புக்கு போர்டு தெரியாது. பவர் பேங்க்கில் ஓட்டுவதாக இருந்தால் ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பாருங்கள், இவ்வளவு குறைந்த கரண்டுக்குச் சில பவர் பேங்க்குகள் தானே அணைந்துவிடும்.

பில் கட்டாயம். ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.