அதிவேகப் படகு இன்ஜின் பராமரிப்பு: கேள்வி பதில்

கேள்வி: புளோரிடாக் கடலில் இரட்டை வி8 பெட்ரோல் இன்ஜின் படகு ஓட்டுகிறேன். வெப்பமானி இருக்கும்போது நீரழுத்தமானி எதற்கு?

பதில்: கடல்நீரை நேரடியாக உறிஞ்சிக் குளிரும் இன்ஜினில், பம்ப்பில் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச்சக்கரமான இம்பெல்லர் தேய்ந்தாலும், உறிஞ்சுவாயைப் பிளாஸ்டிக் பை அடைத்தாலும், முதலில் குறைவது நீரழுத்தம்தான், வெப்பம் பிறகே ஏறும். நீர் அறவே நின்றுவிட்டால் வெப்ப உணரி நனையாமல் நிற்பதால், உள்ளே உலோகம் கொதிக்கும்போதும் முள் குறைவாகவே காட்டக்கூடும். ஆகவே இன்ஜின் நல்ல நிலையில் இருக்கும்போதே, ஒரே வேகத்தில், எடுத்துக்காட்டாக 3500 ஆர்பிஎம்மில், நீரழுத்தம், ஆயில் அழுத்தம், ஆயில் வெப்பம், எரிபொருள் அழுத்தம் நான்கையும் குறித்து வையுங்கள். உங்களுக்கு இரண்டு இன்ஜின்கள் இருப்பதால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடவும் முடியும்.

கேள்வி: இம்பெல்லரை எப்போது மாற்றுவது?

பதில்: கடலில் ஓடினால் ஆண்டுக்கொருமுறை. இதழ் உடைந்திருந்தால் அத்துண்டைத் தேடி எடுத்த பிறகே புதியதைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் அது கூலரில் போய் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: அலாரம் ஒலிக்கிறது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ தானே வேகத்தைக் குறைக்கிறது. குறிப்பேடு வீண்வேலை என்பது என் கருத்து.

பதில்: உடன்படவில்லை. அலாரம் ஒலிப்பது எல்லை கடந்த பிறகு. வடிகட்டி சிறிது சிறிதாக அடைபடுகையில் எரிபொருள் அழுத்தமும் அப்படியே இறங்கும்; முழு வேகத்தில் கலவையில் பெட்ரோல் குறைந்து, வெடிப்பு கட்டுமீறி, பிஸ்டன் உருகும். அந்த இறக்கத்தை உணரும் ஏற்பாடு எல்லா இன்ஜினிலும் இல்லை.

கேள்வி: (அதே அன்பர்) ஆயிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் போதாதா?

பதில்: அதுவும் தேவை, ஆனால் அது சொல்வது கடந்த சில வாரங்களின் கதையை. இரும்பு, செம்பு அளவுகள் அடுத்தடுத்த அறிக்கைகளில் ஏறுகின்றனவா என்று பாருங்கள். சோடியம் கூடினால் கடல்நீர் உள்ளே புகுகிறதா என்று சோதியுங்கள். இந்த நிமிடம் நீர் நின்றுவிட்டதை எந்த அறிக்கையும் சொல்லாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மானிகளையே தேர்வேன்.

கேள்வி: இன்ஜின் விசையைப் புரொப்பெல்லருக்குக் கடத்தும் டிரைவின் கியர் ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறது.

பதில்: தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓட்டாதீர்கள், சீல்களைச் சோதியுங்கள்.

கேள்வி: மற்ற உலோகங்கள் அரிக்காதபடி தான் கரையும் துத்தநாக அனோடு ஏரியிலும் போதுமா?

பதில்: போதாது. நன்னீருக்கு மெக்னீசியம், பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

கேள்வி: இம்பெல்லர் மூன்றாண்டு தாங்குமா?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டீசல் டர்போ பற்றி?

பதில்: என் துறையன்று, டீசல் வல்லுநரிடம் கேளுங்கள்.

கேள்வி: கார் ஆல்டர்னேட்டர் மலிவாகக் கிடைக்கிறது. பூட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. இன்ஜின் அறையின் அடியில் தேங்கும். காரில் அது வெளியே கலைந்துவிடும், படகில் வழியில்லை. ஆல்டர்னேட்டருக்குள் எழும் தீப்பொறி ஆவியைப் பற்றவைக்காதபடி அமைத்த கடல்சார் பாகத்தையே வாங்குங்கள். ஸ்டார்ட் செய்யுமுன், அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுங்கள், பெட்ரோல் நிரப்பிய பிறகும் அப்படியே.

கேள்வி: அவசரத்துக்கு ஒரு நிமிடம் போதாதா?

பதில்: 4 நிமிடம். அதன் பிறகும் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள்; வாடை இருந்தால் சாவியைத் தொடாதீர்கள்.